சைக்கிள் சும்மாதானே நிக்குது

"முகம் நல்லாப் பெருசா வரட்டும் சார். ரோட்டுல போறவன் நின்னு பாக்கணும்" என்றார் ஜானகிராமன்.

கம்ப்யூட்டர் திரையில் இருந்தது என் மனைவியின் முகம்.

தேரடித் தெருவையொட்டிய ஒரு சந்தில் எனக்கு ஃபிளெக்ஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சி மாநாடு என்று இந்த ஊரில் எந்த முகம் சாலையோரம் பெரிதாகத் தொங்கினாலும், பாதிக்குப் பாதி அது என் மெஷினிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். எத்தனையோ முகங்களுக்கு நிறம் கூட்டியிருக்கிறேன். வழுக்கையில் முடி நட்டிருக்கிறேன். செல்வியின் முகத்தைப் பெரிதாக்கியது அன்றுதான்.

ஜானகிராமன் ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். கிரிவலப் பாதையில் காலையில் நடக்கிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அதற்கு அவர் தலைவர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை தன்னந்தனியாகச் சைக்கிள் ஓட்டி முடித்த நம்ம ஊர்ப் பெண்ணுக்கு வரவேற்பு கொடுப்பதென்று சங்கத்தில் முடிவாகியிருந்தது. அதற்கான பேனரை அவள் புருஷன் கடையிலேயே அடிப்பதுதான் மரியாதை என்றும் முடிவாகியிருந்தது.

படத்தில் செல்விக்குப் பின்னால் பனி மூடிய மலை. வெயிலில் மூக்கு நுனி உரிந்திருந்தது. வாயை இவ்வளவு திறந்து அவள் சிரித்து எனக்கு ஞாபகமில்லை. இடது கை, சைக்கிளின் ஹேண்டில் பார் மேல், வளர்த்த மாட்டின் மேல் வைப்பதுபோல் இருந்தது.

அது என் சைக்கிள்.

"மேல 'சாதனைப் பெண்மணி'னு போட்டுடலாம். கீழ உங்க பேரு வரணும் இல்ல? 'அன்புக் கணவர்'னு சின்னதா ஒரு ஃபோட்டோவோட?"

"எம் பேரு வேணாம் சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பெருந்தன்மை சார் உங்களுக்கு" என்றார். கண்கள் லேசாகக் கலங்கிவிட்டன, பாவம்.

எனக்குள் இருந்தது பெருந்தன்மை இல்லை. வயிற்றெரிச்சல்.

காஷ்மீர் அண்ணன்

அந்தச் சைக்கிளை நான் வாங்கிய நாளிலிருந்து சொல்ல வேண்டும்.

நாற்பது வயதைத் தாண்டியதும் சிலருக்கு சபரிமலை, சிலருக்கு ரியல் எஸ்டேட். எனக்கு சைக்கிள். சென்னைக்குப் போய், கியர் வைத்தது ஒன்றை எடுத்து, பஸ் கூரையில் கட்டி ஊருக்குக் கொண்டுவந்தேன். பௌர்ணமி தவிர்த்த மற்ற நாட்களில் விடிகாலையில் கிரிவலப் பாதையை ஒரு சுற்று சுற்றுவேன். மலைக்குத் தெற்கே போகும்போது காற்று ஒரு மாதிரி, மேற்கே திரும்பிய பிறகு வேறு மாதிரி. அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடையில் நிற்பேன்.

அந்த டீக்கடையில்தான் முதலில் சொன்னேன். "இதுலயே காஷ்மீர் போகப் போறேன். கன்னியாகுமரிலேர்ந்து. தனியா."

சொன்ன வார்த்தை ஊருக்குள் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. கடைக்கு வருகிறவர்களெல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். இந்தியா வரைபடம் ஒன்றைப் பெரிதாக நானே பிரிண்ட் போட்டு, கடைச் சுவரில் ஒட்டி, சிவப்பு மையில் பாதை வரைந்தேன். கர்னூல் தாண்டியதும் எந்தப் பாலம், நாக்பூருக்கு மேலே எங்கே காடு, எல்லாம் எனக்கு மனப்பாடம். டீக்கடைக்காரர் என்னைக் "காஷ்மீர் அண்ணே" என்றே கூப்பிடுவார்.

முதல் வருடம் தீபத் திருவிழா வேலை தலைக்கு மேல் இருந்தது. அடுத்த வருடம் தேர்தல். ஃபிளெக்ஸ்காரனுக்குத் தேர்தல் என்றால் விவசாயிக்கு அறுவடை. அதற்கடுத்த வருடம் மகள் மதிக்கு பிளஸ் டூ. பிறகு மெஷினில் ஏதோ கோளாறு. சொல்லப்போனால், போகப் போகிறவனாக இருப்பதிலேயே ஒரு சுகம் இருந்தது. போகாதவனைப் பார்த்துக்கூட ஊர் மரியாதையாகச் சிரித்தது.

செல்வி கீழ்பென்னாத்தூர்ப் பெண். நிலக்கடலை போடுகிற குடும்பம். இங்கே ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விடிவதற்குள் ஸ்கூட்டரில் பெட்டியோடு கிளம்பி, வீடு வீடாகப் போய், சாப்பிடாமல் காத்திருக்கும் சர்க்கரைக்காரர்களிடம் ரத்தம் எடுத்துவருவாள். ஊசியோடு வருகிறவளைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? இவளைப் பார்த்து சிரிப்பார்கள். சிலர் முருங்கைக்கீரை கொடுத்து அனுப்புவார்கள்.

ஒருநாள் அவளுக்கே சர்க்கரை எல்லையில் நிற்பதாகத் தெரிந்தது. மதிக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சைக்கிள் வீட்டில் துருப்பிடித்துக் கிடந்தது. அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு, வேலையில்லாத நாட்களில் என் பின்னால் கிளம்பினாள்.

ஆரம்பத்தில், நான் டீ குடித்து, தினசரியையும் படித்து முடித்த பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேருவாள். எனக்கு அது பிடித்திருந்தது. பிறகு தினசரியைப் பாதி படிக்கும்போது வந்தாள். அப்புறம் டீ ஆறுவதற்குள். ஒரு காலை நான் போய்ச் சேர்ந்தபோது அவள் பெஞ்சில் உட்கார்ந்து கடைக்காரரின் மருமகள் பிரசவத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கும் சொல்லிட்டேங்க. சக்கரை கம்மியா" என்றாள்.

அந்த டீ இனிக்கவில்லை. சர்க்கரை குறைவாக இருந்ததால் மட்டுமல்ல.

ஒரு கேள்வி

பொறாமை எனக்குப் புதிதில்லை. சின்ன வயதில் குடும்பத்தோடு திருப்பதிக்குப் பஸ்ஸில் போனபோது, ஜன்னலோர இடம் அண்ணனுக்குக் கிடைத்தது. வழியெல்லாம் நான் பார்த்தது அவன் பின்மண்டையை. மலை, ஏரி எதுவும் எனக்கு ஞாபகமில்லை; அந்தப் பின்மண்டையில் இருந்த இரட்டைச் சுழி நன்றாக ஞாபகமிருக்கிறது.

ஆனால் பெண்டாட்டி மேல் பொறாமைப்படுவேன் என்று நினைத்ததில்லை.

தீபம் முடிந்து ஊர் காலியான ஒரு சாயங்காலம். நான் கையில் மை வாசனையோடு வேங்கிக்கால் வீட்டுக்குத் திரும்பியபோது, செல்வி வாசலில் உட்கார்ந்து என் சைக்கிளின் செயினைப் பழைய துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எப்பங்க போறீங்க?"

"எங்க?"

"காஷ்மீருக்குத்தான்."

"பாக்கலாம், அடுத்த வருஷம். இப்போ எலக்‌ஷன் வேற வருது."

அவள் துணியை மடித்து, சுத்தமான பக்கத்தைத் தேடி, மறுபடி துடைத்தாள். "அப்போ இந்த வருஷம் சைக்கிள் சும்மாதானே நிக்குது?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. என்னால் எத்தனையோ வருடங்களாக முடியாதது, அவளுக்குச் சில வாரங்களில் முடிந்தது. லீவு தர மாட்டோம் என்றார்கள். "சரி சார், நின்னுக்கறேன்" என்று வேலையை விட்டுவிட்டு வந்து தோசைக்கு ஊறப்போட்டாள். வேலூரில் கல்லூரியில் படிக்கும் மதி, "அம்மா, சூப்பர்மா" என்று குதித்து, இன்ஸ்டாகிராமில் அவளுக்கு ஒரு பக்கம் திறந்துவிட்டாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து செல்வியின் தம்பி பைக்கில் வந்து கூடத்தில் நின்று கத்தினான்.

"மாமா, இன்னா மாமா நீங்க! அதான் சொல்லுதுன்னா நீங்களும் சரின்னுடறதா? பொம்பள, ஒண்டியா, ஹிந்திக்காரன் ஊருல!"

அவன் தடுத்துவிட மாட்டானா என்று எனக்குள் ஒருவன் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"கத்தாதடா. சாப்ட்டுட்டுப் போ" என்றாள் செல்வி.

பொங்கல் முடிந்ததும் கன்னியாகுமரி வரை நானும் போனேன். கடற்கரையில் சீட்டை அவள் உயரத்துக்கு இறக்கினேன். அந்தக் கம்பி உள்ளே இறங்க இறங்க, எனக்குள்ளேயும் ஏதோ இறங்கியது. ஏற்றத்தில் எந்த கியர், இறக்கத்தில் எந்த கியர் என்று இன்னொரு முறை விளக்கினேன்.

"தெரியும்ங்க" என்றாள். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

ஊர் பார்த்த பொறாமை

அவள் போன பிறகு ஊர் என்னை ஒருவிதமாகப் பார்க்க ஆரம்பித்தது.

கடைக்கு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். "ஒண்டியாவா போயிருக்காங்க? ராத்திரில எங்க தங்குவாங்க? டெய்லி ஃபோன் பண்றாங்களா?" ஒருவர் என் தோளில் கை வைத்து, "மனசப் போட்டு கொழப்பிக்காதீங்க" என்றார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த ஒருவர், மனைவியைத் தனியாக அனுப்பிய நான் இந்தக் காலத்து ஆண்களுக்கு முன்மாதிரி என்றார். சொல்லும்போது என்னைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தார்.

எல்லோருக்கும் நான் பொறாமையில் வேகிறேன் என்று தெரிந்திருந்தது. ஆனால் அது எந்தப் பொறாமை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் யாரோடு பேசுகிறாள், யார் வீட்டில் தங்குகிறாள் என்ற கவலை எனக்கு இம்மியும் இல்லை. பேப்பரில் பெயர் வந்த ஓட்டக்காரனை, பெயர் வராத ஓட்டக்காரன் பார்ப்பானே, அந்த மாதிரி நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை யாரிடம் சொல்வது? பெண்டாட்டியைச் சந்தேகிக்கிறவனுக்கு ஊரில் ஆறுதல் சொல்ல ஆள் உண்டு. எனக்கு இல்லை.

சாயங்காலங்களில் பேசுவாள். பின்னால் எப்போதும் யாராவது சிரிக்கும் சத்தம் கேட்கும். பாத்திரம் உருளும். குழந்தை அழும்.

"இன்னைக்கு ஒரு அம்மா கூப்ட்டு மோர் குடுத்தாங்க. ஜோவாரு ரொட்டி, நம்ம சோளந்தான், குடுத்தாங்க. கெட்டியா இருந்துச்சு, ஆனா நல்லா இருந்துச்சுங்க. ஒரு நாயி எங்கூடவே ரெண்டு ஊரு தாண்டி வந்துச்சு."

"டயர்ல காத்து பாத்தியா?"

"பாத்தேன். அப்புறம் ஒரு பெரிய ஆறுங்க. பாலத்துல நின்னு பாத்தா கண்ணுக்கெட்டற வரைக்கும் தண்ணி."

"என்ன ஆறு?"

"பேரு கேக்கலைங்க."

"அது கோதாவரி!" என்று கத்தினேன். மெஷினில் ஃபிளெக்ஸ் ரோலை மாட்டிக்கொண்டிருந்த கடைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனை வருடங்களாக அந்தப் பாலத்தை நான் சுவரில் விரலால் கடந்திருக்கிறேன்! இவள் அதில் நின்று பார்த்திருக்கிறாள், பெயர்கூடக் கேட்காமல்.

"கோதாவரியா? அழகா இருந்துச்சுங்க" என்றாள்.

அன்று மதி போட்ட படத்துக்கு நான் இதயம் அழுத்தவில்லை. மறுநாள் அவளே கூப்பிட்டு, "அப்பா, எல்லாரும் லைக் போட்டிருக்காங்க, நீ மட்டும் போடலையே" என்றாள். நெட் சரியில்லை என்றேன்.

முடியலைங்க

ஒரு நண்பகலில் அழைப்பு வந்தது. அந்த நேரத்தில் அவள் அழைப்பதில்லை.

"என்னாங்க..." என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"செல்வி? எங்க இருக்கே? வுழுந்துட்டியா?"

"இல்லைங்க. காய்ச்சல். ரெண்டு நாளா. சாப்ட்டா நிக்க மாட்டுது. எதிர்காத்து வேற. முடியலைங்க. வந்துடறேங்க."

நாக்பூரைத் தாண்டி, மத்தியப் பிரதேசத்தில் சிவனி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சாலையோரம் உட்கார்ந்திருந்தவளை சுனிதா என்ற அங்கன்வாடிப் பெண் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் படுக்க வைத்திருந்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டார். மதியிடம் சொல்லக் கூடாது என்றாள் செல்வி.

"நீ அங்கயே இரு. நான் கெளம்பி வரேன்."

அவளுக்காக என் நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மை. வீட்டுக்கு வந்து பையை எடுத்தேன். மாத்திரை, கஞ்சிக்கு அரிசி நொய், அவள் ஸ்வெட்டர், ஊறுகாய். எல்லாவற்றுக்கும் அடியில், என் ஹெல்மெட்டையும் கையுறையையும் சைக்கிள் கால்சட்டையையும் வைத்தேன். கை தானாகத்தான் வைத்தது. எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் தயாராக இருந்திருக்கும்.

காட்பாடியில் ரயில் ஏறினேன். வழியில் ஏதோ ஒரு பெரிய ஆற்றை ரயில் கடந்தது. ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். கம்பிகள்தான் சடசடவென்று ஓடின.

நாக்பூரில் இறங்கி, பஸ் பிடித்து, கேட்டுக் கேட்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது, நோயாளியைக் காணோம். வெயிலில் போட்ட கயிற்றுக் கட்டிலில், யாருடைய சல்வாரையோ போட்டுக்கொண்டு, இரண்டு பெண்களோடு உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள் செல்வி. உரித்ததில் பாதி வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

"வந்துட்டீங்களா!" என்று எழுந்து ஓடிவந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணில் தண்ணீர். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

சுனிதா என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். செல்வியும்.

"இன்னா சொல்றாங்க?"

"ஃபோட்டோல இருக்கறதவிட நீங்க குண்டா இருக்கீங்களாம்."

இவள் எப்போது ஹிந்தி கற்றுக்கொண்டாள்? அதுவும் சிரிக்கிற அளவுக்கு?

சாயங்காலம் நாங்கள் இருவரும் தனியாக இருந்தபோது சொன்னேன். "நீ ட்ரெயின்ல ஊருக்குப் போயிடு. ஒடம்பு தேறட்டும். நீ வுட்ட எடத்துலேர்ந்து நான் ஓட்டறேன். ரெண்டு பேரும் சேந்து முடிச்ச மாதிரி இருக்கும்ல?"

ரயிலில் வரும்போது இந்த வாக்கியத்தை நன்றாகத் தீட்டி வைத்திருந்தேன். அதில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன்.

செல்வி பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தாள். அரிசி நொய்யை எடுத்தாள். அப்புறம் ஹெல்மெட் வந்தது. அதைக் கட்டிலின் மேல் வைத்தாள்.

"எடுத்துக்கினேதான் வந்திருக்கீங்க" என்றாள்.

கையுறையை நான் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன்.

அவள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். "நாளைக்கு ஒருநாள் நீங்க ஓட்டுங்க. எனக்கும் ரெஸ்ட் ஆகும். லக்னாதோன்னு ஒரு ஊரு வரும். நான் பஸ்ல போயி அங்க நிக்கறேன்."

என்னுடைய ஒருநாள்

சீட்டை என் உயரத்துக்கு ஏற்றினேன். குளிரில் விரல்கள் மரத்திருந்தன. சுனிதா வீட்டார் எல்லோரும் வாசலில் நின்று கையசைத்தார்கள். பெரிய சாலையில் ஏறியதும் இரு பக்கமும் கோதுமை, அப்போதுதான் கதிர் விட்டிருந்தது. அங்கங்கே புரச மரங்கள் ஓர் இலைகூட இல்லாமல், நெருப்பு பிடித்ததுபோல் பூத்து நின்றன.

இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதில் அர்த்தமில்லை: அந்தக் காலைதான் என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த காலை. கல்யாணமன்று இருந்ததைவிட. மதி பிறந்த அன்று பயம் கலந்திருந்தது. இதில் அதுகூட இல்லை. லாரிகள் உரசிக்கொண்டு போயின, பயமாக இல்லை. இறக்கம் ஒன்றில் வாய்விட்டுக் கத்தினேன். குரங்குகள் திரும்பிப் பார்த்தன. ஏற்றங்களில் தொடை எரிந்தது, அந்த எரிச்சல்கூட எனக்குச் சொந்தமானதாக இருந்தது.

வழியில் ஒரு டீக்கடையிலிருந்து யாரோ கையைத் தூக்கிக் கூப்பிட்டார்கள். நான் நிற்கவில்லை. வயலில் இருந்த பெண்கள் ஏதோ கேட்டார்கள். நிற்கவில்லை. அந்த நாளில் யாருக்கும் ஒரு துண்டு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முழு நாளும் எனக்கு வேண்டும்.

லக்னாதோன் பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. செல்வி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். பாதியை என்னிடம் நீட்டினாள்.

"எப்புடி இருந்துச்சு?"

பழத்தை வாங்கவில்லை. "செல்வி, நான் டெல்லி வரைக்குமாவது போய்ட்டு வந்துடறேன்" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

அவள் கோபப்படவில்லை. ஒரு சுளையைத் தின்று, விதையைத் துப்பினாள்.

"போய்ட்டு வாங்க. உங்க சைக்கிள்தானே."

"அப்போ நீ?"

எதிர்ப்புறம் காட்டினாள். ஒரு சைக்கிள் கடை. பிளாஸ்டிக் தாள் சுற்றிய புதுச் சைக்கிள்கள் வரிசையாக வெளியே நின்றன. "பஸ் எறங்கினதும் போயிப் பாத்துட்டு வந்தேன். பின்னாடி கேரியர் வெச்சது ஒண்ணு இருக்குது. அதுல போயிக்கறேன்."

"கியர் இல்லாமலா? மலையெல்லாம் எப்புடி ஏறுவே?"

"எறங்கித் தள்ளுவேன்."

"முடியலைன்னு அழுதியே?"

"அன்னைக்கு உங்ககிட்ட அழணும் போல இருந்துச்சு, அழுதேன். அழுதா திரும்பிப் போயிடணுமா இன்னா?"

பஸ் ஒன்று உறுமிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. அவசரமாக, அப்போதுதான் தோன்றிய மாதிரி, கேட்டேன். "அப்போ அதையும் வாங்கிடலாம். ரெண்டு பேருமா சேந்து போலாமே?"

செல்வி என்னைப் பார்த்தாள். கனிவாகத்தான் பார்த்தாள். "சேந்து போனா நீங்கதாங்க முன்னாடி போவீங்க" என்றாள்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் முன்னால் போவேன், கியர் சொல்வேன், ஆற்றின் பெயர் சொல்வேன். அவள் ரெக்சின் பையின் ஜிப்பை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்டியாப் போகணுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி அப்பாகூட, அப்புறம் உங்ககூட. எங்கயும் நான் ஒண்டியாப் போனதே இல்ல. இப்பத்தான் போறேன். நல்லா இருக்குதுங்க."

பெஞ்சிலிருந்து எழுந்து, பையிலிருந்த ஸ்பேனரை எடுத்து, சீட்டை நானே இறக்கினேன். அவள் தடுக்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. மிச்சமிருந்த ஆரஞ்சை என் வாயில் திணித்தாள்.

மறுநாள் காலை அவள் வடக்கே போனாள். நான் தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினேன். ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்த என்னைப் பார்த்து கண்டக்டர், பைக் பழுதாகிவிட்டதா என்று சைகையில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஊருக்கு வந்த பிறகு பொறாமை குறைந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். கூடியது. முன்பு எனக்குத் தெரியாத ஒன்றின் மேல் இருந்தது. இப்போது, அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பேனர்

ஜானகிராமன் போன பிறகு, அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இல்லாதவர்களைப் படத்தில் சேர்ப்பது என் தொழிலில் ஒரு பாகம். இறந்துபோன அப்பாவை மகளின் கல்யாண மேடையில் நிறுத்தச் சொல்வார்கள். நிழலெல்லாம் சரியாக விழும்படி நிறுத்திக் கொடுத்திருக்கிறேன். என் படம் ஒன்றைத் திறந்தேன். ஹெல்மெட்டோடு கிரிவலப் பாதையில் எடுத்தது. வெட்டி, செல்வியின் பக்கத்தில், பனிமலைக்கு முன்னால் வைத்தேன். வெளிச்சத்தைச் சரி செய்தேன். பார்க்க உண்மை போலவே இருந்தது. ஆனால் செல்வி என் பக்கம் பார்க்கவில்லை. படம் எடுத்த யாரோ ஒருவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

என்னை அழித்துவிட்டுப் பிரிண்ட் கொடுத்தேன். மெஷின் அவள் முகத்தை நெற்றியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியது.

வரவேற்பு வேங்கிக்காலில் நடந்தது. மேளம், சால்வை, ஆப்பிள் பழம். செல்வியின் தம்பி எல்லோருக்கும் முன்னால் நின்று, எங்க அக்கா எங்க அக்கா என்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். ஜானகிராமன் மைக்கைப் பிடித்து, "இவ்வளவுக்கும் காரணம் இவங்க வீட்டுக்காரரோட பெருந்தன்மை. பேனர்ல தன் பேருகூட வேணாம்னுட்டார்!" என்றார். கூட்டம் கைதட்டியது.

செல்வி மாலைகளுக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்தாள். உதட்டை மடித்து சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில் என்னைத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு

அதற்கப்புறம் அவள் வேறொரு பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிட்டார்கள், இரண்டு மூன்று இடங்களுக்குப் போனாள். பிறகு ஊர் வேறு விஷயங்களுக்குப் போய்விட்டது. நான் இன்னும் போகவில்லை. போவேனா என்று கேட்டால், இப்போதெல்லாம் யாரிடமும் பதில் சொல்வதில்லை.

ஆடிக் காற்று கதவை அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செல்வி சமையலறை வாசற்படியில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காபி ஏடு கட்டியிருந்தது. முகம் சரியில்லை.

"இன்னா ஆச்சு? மதி ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணுமில்லைங்க."

"ஒடம்புக்கா?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன் இல்ல."

பிறகு போனை என் பக்கம் லேசாகத் திருப்பினாள். தேனிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். குஜராத்தில் ஆரம்பித்து, கடலோரமாகவே இந்தியாவைச் சுற்றி வங்காளம் வரை சைக்கிளில் போகிறாளாம். படத்தில், ஏதோ ஒரு கடற்கரையில், காற்றில் முடி பறக்க நின்றுகொண்டிருந்தாள்.

"தனியாத்தான் போறாளாம்" என்றாள் செல்வி.

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். எவ்வளவு காலம் அதை எனக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்! நான் போய் அவள் பக்கத்தில், படியில் உட்கார்ந்தேன். போனை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டோம்.

"ஹெல்மெட் பட்டையே மாட்டல, பாருங்க" என்றாள்.

"மூட்ட ஜாஸ்தி. ஏத்தத்துல இழுக்காது" என்றேன்.

"கடலோரம்னா ஏத்தமே இருக்காது. சும்மா சமதரை."

"அதானே. எவன் வேணாலும் ஓட்டிடலாம்."

"சிரிக்கறத மட்டும் நல்லா சிரிக்கறா."

"அடுத்த ஃபோட்டோ காட்டு" என்றேன். செல்வி இன்னும் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.